கருப்பட்டிக் காலக் குறிப்புகள்

மார்ச் 3

இந்தப் பருவத்தின் முதல் கருப்பட்டி இன்று சிரட்டையிலிருந்து கழன்றது. சித்தி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "படம் புடிச்சு ஏத்திரு, ஏட்டி" என்றாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். கையில் சரக்கு சேராமல் படத்தை மட்டும் போட்டால், கேட்கிறவர்களுக்கெல்லாம் 'இப்போது இல்லை' என்றுதான் பதில் எழுத வேண்டும். ஒருமுறை 'இல்லை' என்று கேட்டவர் மறுபடி நம்மிடம் வந்து கேட்பது அரிது. அவர் அடுத்த கடையைத் தேடிப் போய்விடுவார்.

உடன்குடிப் பக்கம் மாசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பதநீர் வரும். சித்தப்பா பனையேறுகிறார். சித்தி விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், காய்ச்சுகிறாள். விற்பது என் பொறுப்பு. முன்பெல்லாம் இப்படி ஒரு பொறுப்பே வீட்டில் யாருக்கும் கிடையாது. பருவம் தொடங்கும் முன்பே வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுவார். காய்ச்சியது அத்தனையும் அவர் கிட்டங்கிக்குப் போகும். விலையும் அவர் சொல்வதுதான். அங்கே எங்கள் கருப்பட்டியும் பல ஊர்க் கருப்பட்டியும் ஒரே குவியலாகிவிடும். அதைக் காபியில் போட்டுக் குடிக்கிற மதுரைக்காரருக்கு அது யார் வீட்டு விடிலியில் வெந்தது என்று தெரிய வழியில்லை. சித்திக்கும் தான் காய்ச்சியதை யார் தின்றார்கள், நன்றாக இருந்ததா என்று தெரியாது. பல வருஷம் அப்படியே போயிற்று.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் எங்களுக்குச் செய்த பெரிய உதவி, தின்கிறவரையும் காய்ச்சுகிறவரையும் ஒருவருக்கொருவர் பேச வைத்தது. லைக், ஃபாலோயர், விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை.

மார்ச் 9

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பருவத்துக்குத் தயார் செய்தேன். 2018 ஜனவரியில் வந்த செயலி, காசு கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கம் பல கடைக்காரர்கள் இன்னும் சாதாரண வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுக்கிறார்கள். குடும்பக் குழுச் செய்திகளுக்கு நடுவே ஆர்டர் எங்கோ போய்விடுகிறது. பிசினஸ் செயலியில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயர் மேலும் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டலாம். நான் 'விசாரித்தவர்', 'பணம் வந்தது', 'அனுப்பியாயிற்று', 'மறுபடி வாங்கியவர்' என்று நான்கு வைத்திருக்கிறேன். கடைசிச் சீட்டில் எத்தனை பெயர் சேர்கிறது என்பதுதான் நான் உற்றுப் பார்க்கிற கணக்கு.

கேட்டலாக்கில் மூன்றே பொருள்: கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, சில்லுக் கருப்பட்டி. மூன்றுக்கும் எடை, விலை, ஊர்வாரியாக அனுப்பும் செலவு எல்லாம் எழுதிவிட்டேன். 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்று எழுதுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வாங்குகிறவருக்கு வரும். அந்தச் சந்தேகத்தோடு தொடங்குகிற பேச்சு பேரத்தில்தான் போய் நிற்கும். விலையைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவர் போகட்டும். பார்த்த பிறகும் செய்தி அனுப்புகிறவரிடம் நாம் நேராகப் பொருளைப் பற்றிப் பேசலாம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவின் பதினான்கு இலக்க எண்ணையும் முகப்பில் போட்டேன். வீட்டில் செய்கிற தின்பண்டம்தானே என்று பலர் இதை எடுப்பதில்லை. சிறு உற்பத்தியாளர் எடுக்க வேண்டியது ஒரு எளிய பதிவு மட்டும்தான். முகம் தெரியாத ஊரிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு அந்த எண் ஒரு பிடிமானம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் எழுதலாமே என்றாள் சித்தி. ஊர்ப் பெருமையாக எழுதலாம். ஆனால் அந்த முத்திரையைப் பொட்டலத்தில் அச்சடிக்க, பதிவு பெற்ற பயனாளராக இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டுவிட்டு அச்சடிப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 16

விடிலியில் இன்று படம் பிடித்தேன். கூரை ஓலை இடுக்கு வழியாக வருகிற காலை வெளிச்சமே போதுமாக இருந்தது. கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பனையில் கட்டுகிறோம். இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பு கலந்த பதநீரைச் சித்தி வடிகட்டித் தாச்சியில் ஊற்றினாள். காய்ந்த மட்டையையும் உடைமுள்ளையும் அடுப்பில் தள்ளினாள். பொங்கி மேலே வரும்போது இடித்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை தூவ, நுரை அடங்கியது. மணிக்கணக்கில் துடுப்பு போட்டாள். பதம் வந்ததா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு மணலில் பதித்து வைத்த சிரட்டைகளில் ஊற்றினாள்.

பின்னணிப் பாட்டு போடவில்லை. பாகு கொதிக்கிற சத்தமும், அடுப்புச் சத்தமும், சித்தி நடுவே 'தள்ளி நில்லு, தெறிக்கும்' என்று என்னைப் பார்த்துச் சொன்னதும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் வயலில் சமைத்து வெளியிட்ட 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டியபோது, ஸ்டூடியோவும் மேக்கப்பும் இல்லாமல் உலகம் பார்க்கும் என்பது ஊர் முழுக்கப் புரிந்தது. வேலை தெரிந்தவர்கள் வேலை செய்வதை மனிதர்கள் சலிக்காமல் பார்க்கிறார்கள்.

சித்தப்பா பனையேறுவதையும் எடுத்தேன். பார்த்த மாத்திரத்தில் கை நின்றுவிடுகிற காட்சி அது. ரீல்ஸில் முதல் இரண்டு மூன்று நொடியில் விரல் நிற்கவில்லை என்றால் மீதியை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் அதையே முதலில் வைக்கலாம் என்று நினைத்துச் சித்தப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சாகசம் மாதிரி காட்டாத தாயி. கீழ இருந்து பாக்கவனுக்கு வேடிக்கை. எனக்கு இது வேலை. நான் என்ன செய்யுதேன்னு சொல்லு."

அவர் சொன்னபடி மாற்றினேன். ஏறுவது சிறு துண்டு. மேலே போய்க் கடிப்பால் பாளையை நெரிப்பது, அரிவாளால் நுனியைச் சீவுவது, கலயத்தை மாற்றுவது ஆகியவற்றை அவர் குரலிலேயே சொல்ல வைத்துச் சேர்த்தேன். ஆண் மரம் அலகுப்பனை, பெண் மரம் பருவப்பனை, இரண்டுக்கும் சீவுகிற முறை வேறு என்று விளக்கினார். இத்தனை வருஷம் அவரிடம் நான் கேட்காத விஷயங்கள். படம் பிடிக்கப்படுகிறவரிடம் முதலில் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் வெளியிட வேண்டும் என்பதை இந்தப் பருவத்தின் சட்டமாக எழுதி வைக்கிறேன். அவர் உடம்பையும் உழைப்பையும் வைத்துத்தான் நாம் விற்கிறோம். எப்படிக் காட்டலாம் என்று சொல்கிற உரிமை அவருக்குத்தான்.

மார்ச் 20

சித்தப்பாவின் வீடியோ நிறையப் பரவியது. 'வீரத் தமிழன்' என்று எழுதியவர்கள் ஏராளம். ஆர்டர் போட்டவர்கள் சொற்பம். ஆனால் சித்தி துடுப்பு போடுகிற வீடியோ அந்த அளவுக்குப் பரவவில்லை. அதன் கீழே வந்ததெல்லாம் கேள்வி. "எத்தனை லிட்டருக்கு ஒரு கிலோ வரும்?" "ஆமணக்கு போட்டால் வயிற்றைக் கெடுக்காதா?" "சீனி கலப்பீர்களா?" இப்படிக் கேட்டவர்களில்தான் வாங்கியவர்கள் அதிகம்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, ஒரு வீடியோ எவ்வளவு நேரம் பார்க்கப்படுகிறது, எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்பவற்றைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார். இதில் மூன்றாவதுதான் எங்கள் வியாபாரத்துக்கு உயிர். ஒரு மகள் இதை அம்மாவுக்கு அனுப்புகிறாள்: 'பாரும்மா, நீ சொல்லுவியே அந்தக் கருப்பட்டி.' அம்மா பார்க்கிறார். ஆர்டர் வருகிறது. அனுப்பத் தோன்றுகிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டுமானால், பார்க்கிறவரின் வீட்டில் யாரை அது நினைவுபடுத்தும் என்று யோசித்துச் செய்ய வேண்டும். பாட்டி வீட்டு அடுப்படி, பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற சுக்குக் கருப்பட்டி, ஐப்பசி மழையில் குடித்த காபி என்று யோசித்தால் நிறைய வரும்.

ஏப்ரல் 2

இன்று மூன்றாவது முறையாக ஒரே கேள்வி: "சுகர் உள்ளவங்க சாப்பிடலாமா?"

இந்தக் கேள்விக்கு 'தாராளமாக' என்று எழுதினால் வியாபாரம் இரட்டிப்பாகும். எனக்கு அது தெரியும். கருப்பட்டி சர்க்கரை நோயை இறக்கும் என்று சொல்கிற வீடியோக்கள் எப்படிப் பரவுகின்றன என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். வெள்ளைச் சீனியில் இல்லாத தாது உப்புகள் கொஞ்சம் இதில் உண்டு, ருசியும் வேறு. அதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. ஒரு பொருள் நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டமே தடுக்கிறது. நோயைத் தீர்க்கும் என்று உணவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நான் எழுத மாட்டேன். ஒரு பெரியவர் என் பதிலை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காபி குடித்தால் அதற்கு யார் பொறுப்பு?

நான் எழுதிய பதில்: "அண்ணாச்சி, இதுவும் இனிப்புதான். சர்க்கரை நோய் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு அளவா எடுத்துக்குங்க. அவர் வேண்டாம்னு சொன்னா வாங்க வேண்டாம்." இந்தப் பதிலையே ஒரு குறுஞ்சொல்லில் சேமித்துவிட்டேன், கேள்வி வந்தால் உடனே போகும். பிறகு இதையே ஒரு வீடியோவாகவும் பேசிப் போட்டேன்.

மாலையில் அதே அண்ணாச்சி எழுதினார்: "மூணு கடையில கேட்டேன். நீதான்மா வேண்டாம்னு சொன்னே. எம் மருமகளுக்கு ரெண்டு கிலோ அனுப்பு."

ஏப்ரல் 8

சீனி கலந்த கருப்பட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வீடியோ போடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். உடைத்தால் உள்ளே மினுமினுக்கும், தண்ணீரில் போட்டால் இப்படிக் கரையும் என்றெல்லாம் சுற்றுகிற சோதனைகள் எனக்குத் திருப்தி தரவில்லை. எங்கள் கண்ணுக்கும் நாக்குக்கும் பழக்கம் உண்டு; திரையில் பார்க்கிறவருக்கு அது கிடையாது. உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். ஆகவே சோதனை வீடியோ போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குப் பதிலாக வாரம் ஒருநாள் ஸ்டேட்டஸில் அன்று எவ்வளவு பதநீர் இறங்கியது, அதில் எவ்வளவு கருப்பட்டி தேறியது என்று எழுதப் போகிறேன். எட்டு, பத்து லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஒரு கிலோ. இந்தக் கணக்குத் தெரிந்தவருக்கு, பாதி விலைக்குக் கிடைக்கிற கருப்பட்டியில் என்ன இருக்கும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் படம் போட்ட அட்டையை வைத்து விற்றது நினைவுக்கு வருகிறது. 1935-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. பேர் இல்லாதது இல்லை. அப்படியிருந்தும் நெய்தவர் முகத்தைச் சேலையோடு சேர்த்து அனுப்பியது. எங்கள் பொட்டலத்திலும் சித்தி, சித்தப்பா படத்தோடு சின்ன அட்டை வைக்கிறேன். எந்த வாரம் காய்ச்சியது என்று பேனாவால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 17

உணவு வீடியோ போடுகிற ஒருவர் பேசினார். எங்களைப் பற்றி ஒரு ரீல் போட ஒரு தொகை கேட்டார். காசு கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை, அது அவர் தொழில். ஆனால் 'விளம்பரம்' என்று குறிப்பிட வேண்டும் என்றேன். போட்டால் ஜனங்கள் பார்க்க மாட்டார்கள் என்றார். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: காசு வாங்கியோ பொருள் வாங்கியோ பேசினால் அதைப் பார்க்கிறவருக்குத் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும். பேச்சு அதோடு நின்றது.

அந்தத் தொகையில், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிறு பொட்டலம் சுக்குக் கருப்பட்டி கூடுதலாக அனுப்பினேன். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் குடுத்துப் பாருங்க" என்று சீட்டு எழுதி வைத்தேன்.

ஏப்ரல் 24

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் சரக்கை அனுப்பிவிடக் கூடாது. வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும். படத்தைத் திருத்தி அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சித்தப்பா மகனுக்கும் இதைச் சொல்லி வைத்தேன்.

மே 5

பிராட்காஸ்ட் பட்டியலைச் சீர் செய்தேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அவர்களும் நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். பலர் இதைக் குறை என்று சொல்கிறார்கள். எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. எண்ணைச் சேமித்தவர் என்றால் நம்மை வேண்டும் என்று வைத்துக்கொண்டவர். எங்கிருந்தோ எண்களை விலைக்கு வாங்கி ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தி தட்டிவிடுகிறவர்களை ஜனங்கள் பிளாக் செய்கிறார்கள், புகார் கொடுக்கிறார்கள். புகார் சேர்ந்தால் வாட்ஸ்அப் அந்த எண்ணையே முடக்கிவிடும்.

பட்டியலுக்கு வாரம் ஒரு செய்திக்கு மேல் அனுப்புவதில்லை. அன்றைக்குக் காய்ச்சியது எவ்வளவு இருக்கிறது, எப்போது அனுப்ப முடியும், அவ்வளவுதான். தினசரி விஷயங்கள் ஸ்டேட்டஸில் போகும். 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பார்க்க வேண்டியவர் தேடிப் பார்க்கிறார். திருப்பூரில் ஒரு அக்கா தினமும் காலை சித்தியின் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம். அவர் வருஷத்துக்கு எங்களிடம் வாங்குவது சில கிலோதான். ஆனால் அவர் அலுவலகத்திலிருந்து வந்த புது ஆர்டர்கள் நிறைய.

மே 18

பதநீர் உச்சத்தில் இருக்கிறது. சரக்கு தேங்காமல் இருக்க முதல் தடவையாகக் காசு கொடுத்து விளம்பரம் ஓட்டினேன். சித்தி துடுப்பு போடுகிற வீடியோவையே எடுத்து 'பூஸ்ட்' செய்தேன். சென்னை, கோவை, பெங்களூரு என்று மூன்று நகரம் மட்டும். பொத்தானைத் தட்டினால் நேராக எங்கள் வாட்ஸ்அப் திறக்கும்படி வைத்தேன். தின வரம்பையும் குறித்தேன். முன்பு காசு கொடுக்காமலே ஃபேஸ்புக் பக்கத்துக்கு லைக் போட்டவர்களுக்கு எல்லாப் பதிவும் போகும் என்று அத்தை மகன் சொல்லுவான். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னிடம் கொடுப்பதாக அறிவித்த பிறகு வியாபாரப் பக்கங்களின் வீச்சு ஒடுங்கியது. இன்று புது ஆள் கண்ணில் பட வேண்டுமானால் நல்ல வீடியோ வேண்டும், அல்லது காசு வேண்டும்.

இரவு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதினேன்: கேட்டவர், வாங்கியவர், மறுபடி வாங்கியவர். விளம்பரத்தில் வந்தவர்கள் முதல் பத்தியை நிரப்புகிறார்கள். தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள் மூன்றாம் பத்தியை நிரப்புகிறார்கள். சரக்குக்கு ஆள் சேர்ந்ததும் விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். சித்தப்பா ஒரு நாளில் ஏறக்கூடிய பனைக்கு ஒரு எல்லை உண்டு. சித்தியின் தோளுக்கும் உண்டு. அந்த எல்லைக்கு மேல் ஆர்டர் எடுத்தால் நாளைக்கு என் கையும் சீனி மூட்டையைத் தேடும். கலப்படம் பெரும்பாலும் பேராசையில் தொடங்குகிறது என்று சொல்கிறார்கள். வாக்குக் கொடுத்த சரக்கை எப்படியாவது அனுப்பியாக வேண்டிய நெருக்கடியிலும் அது தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கலைஞன் பிழைக்கக் கோடி ரசிகர் வேண்டாம், அவன் எது செய்தாலும் வாங்குகிற ஆயிரம் உண்மையான ரசிகர் போதும் என்பது அவர் வாதம். எங்கள் விடிலிக்கு ஆயிரம் கூட வேண்டாம். பருவம் முழுவதும் காய்ச்சுவதைச் சில நூறு குடும்பம் வாங்கிக்கொள்ளும். பிறகு எதற்கு லட்சம் ஃபாலோயர்?

ஜூன் 13

கொச்சியிலிருந்து ஒரு அம்மா எங்கள் இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எல்லாரும் பார்க்க எழுதியிருக்கிறார்: "கருப்பட்டி இளகிக் கூழாகிவிட்டது. ஏமாற்று வேலை."

சித்தி அழாத குறை. "அதை அழிச்சுரு" என்றாள். அழிக்கக் கூடாது. அவர் எழுதியதை ஏற்கெனவே பலர் பார்த்திருப்பார்கள். அழித்தால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் அதே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி பதில் எழுதினேன்: கருப்பட்டி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கேரளத்தில் மழை பிடித்திருக்கிறது, திறந்து வைத்தால் இளகும், அதனால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, பாகாகக் காய்ச்சி வடிகட்டி வைத்துப் பயன்படுத்தலாம், இதை நாங்கள் பொட்டலத்திலேயே எழுதியிருக்க வேண்டும், இனி எழுதுகிறோம், உங்களுக்கு வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தருகிறோம் அல்லது வேறு அனுப்புகிறோம். பிறகு தனியாக அவருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். சித்தியையும் பேசச் சொன்னேன். "மழைக்காலத்துல நாங்களே பானைக்குள்ள போட்டு அடுப்பு மேல பரண்ல வச்சிருவோம் தாயி" என்று அவள் பேசியதும் அந்த அம்மாவின் குரல் மாறிவிட்டது. அவருடைய அம்மாவும் அப்படித்தான் வைப்பாராம்.

பணம் வேண்டாம் என்றுவிட்டார். தன் குறையை அழிக்காமல் அதன் கீழேயே, விளக்கம் கிடைத்தது என்று எழுதினார். இன்று மாலை அந்த உரையாடலைப் படித்துவிட்டுக் கன்னியாகுமரியிலிருந்து ஒருவர் ஆர்டர் போட்டார். குறை சொன்னவருக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்தேன், அதனால் வாங்குகிறேன் என்றே எழுதியிருந்தார். ஒருவருக்கு எழுதுகிற பதிலை நூறு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். சந்தைக்கடையில் சத்தம் கேட்டால் கூட்டம் திரும்பிப் பார்க்குமே, அது மாதிரி.

ஜூன் 21

திருச்செந்தூர் கோயிலுக்கு வருகிறவர்கள் கூகுள் மேப்பில் 'கருப்பட்டி' என்று தேடுகிறார்கள். எங்கள் வீட்டை அதில் சேர்த்து நேரமும் எண்ணும் படமும் போட்டிருந்தோம். இன்று ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் விடிலிக்கே வந்துவிட்டது. குழந்தைகள் சூடான கூழ்ப்பதநீரை ஓலைப்பட்டையில் வாங்கிக் குடித்தார்கள். போகும்போது, நட்சத்திரம் போட்டால் விலை குறைப்பீர்களா என்று கேட்டார் அந்தக் குடும்பத் தலைவர். சில இடங்களில் அப்படிக் கொடுக்கிறார்களாம். மாட்டோம் சார், பிடிச்சிருந்தா எழுதுங்க என்றேன். பொய் மதிப்புரைகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஒரு தரமே வகுத்திருக்கிறது. விலைக்கு வாங்கிய பாராட்டை நம்பி நாளைக்கு நானே எங்கும் பொருள் வாங்க முடியாது.

ஜூன் 29

2020-இல் இதே தேதியில்தான் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அத்தை மகன் அதில் ஓலைப் பெட்டி முடைகிற வீடியோக்கள் போட்டு நல்ல கூட்டம் சேர்த்து வைத்திருந்தான். ஒரே ராத்திரியில் அத்தனை பேரும் போனார்கள். யார் எந்த ஊர் என்று கூட அவனிடம் குறிப்பு இல்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் முடங்கியதே, அப்போது கடைத்தெருவில் பலர் கை பிசைந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே கம்பெனி. இன்ஸ்டாகிராமை 2012-இலும் வாட்ஸ்அப்பை 2014-இலும் ஃபேஸ்புக் வாங்கியது.

அதனால்தான் நான் நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், ஊர், எண், என்ன வாங்கினார், வீட்டில் யாருக்காக. செயலி நாளைக்கு மூடினாலும் போன் போட்டுப் பேசலாம். கடிதம் கூடப் போடலாம். அந்த விவரத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. எண் கேட்டு வந்த ஒரு மசாலா வியாபாரியிடமும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

பாளை வற்றிவிட்டது. ஆடிக்காற்று தேரியின் செம்மணலை வாரி விடிலிக்குள் கொட்டுகிறது. நேற்றுத்தான் கடைசிக் காய்ச்சல்.

காலையில் ஒரு மொத்த வியாபாரி வந்தார். "ஒங்க பேருக்கு நல்ல மதிப்பு இருக்கு. பருவம் முடிஞ்சாலும் சரக்கு நான் தாரேன். ஒங்க பொட்டலத்துல போட்டு அனுப்புங்க. படமெல்லாம் பழசையே போடலாம்" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. "அண்ணாச்சி, அந்த அட்டையில எம்படம்லா இருக்கு" என்றார் அவர். வியாபாரி தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பொருள் இல்லாத மாதங்களில் எதைப் போடுவது என்று கேட்கிறார்கள். பனையில் வேலை இல்லாத மாதம் கிடையாது. ஓலை வெட்டுவது, பெட்டி முடைவது, ஐப்பசியில் பனங்கொட்டை ஊன்றுவது, கார்த்திகையில் கொழுக்கட்டைக்கு ஓலை எடுப்பது, தையில் பனங்கிழங்கு. மாதத்துக்கு இரண்டு வீடியோ போதும். கேட்டலாக்கில் மூன்று பொருளையும் மறைத்துவிட்டேன். தானாகப் போகிற பதிலையும் மாற்றி எழுதினேன்:

"வணக்கம். இந்தப் பருவத்துக் கருப்பட்டி தீர்ந்துவிட்டது. அடுத்து மாசியில் பாளை சீவுவோம். சரக்கு வந்ததும் செய்தி வேண்டுமானால் 'மாசி' என்று அனுப்புங்கள்; குறித்து வைக்கிறோம். இடையில் எங்கள் பெயரில் யார் விற்றாலும் அது எங்கள் கருப்பட்டி இல்லை."

இரவுக்குள் 'மாசி' என்று வரிசையாக வரத் தொடங்கியது. கொச்சி அம்மா அனுப்பினார். திருப்பூர் அக்கா அனுப்பினார். சர்க்கரை நோய் அண்ணாச்சி, "எனக்கு இல்ல, மருமகளுக்கு" என்று சேர்த்து அனுப்பினார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பெயராக வாசிக்கச் சொன்னாள். போன பருவம் வாங்கியவரா, புது ஆளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மீதமிருக்கிற நாலு பொட்டலத்தையும் காலையில் தபால் ஆபீஸ் திறந்ததும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதில் ஒன்று புதுச்சேரிக்கு, மழைக்குப் பாலித்தீன் உறை கூடுதலாகப் போட வேண்டும்.